கணனி யுகத்தில் எழுத்தாளரின் உரிமை



சென்ற சில வாரங்களாக ஈழத்துச் சிறுகதையைப் பற்றிப் பேசி வந்தோம். அந்த உரைகளை வானொலியில் கேட்டும் இப்பத்தியில் வாசித்தும் எழுதிய அன்பர்களின் கடிதங்களில் ஐந்தாறு கடிதங்கள் கதையைப் பற்றியவையாக இல்லை. கதை எழுதியவர் வயிற்றைப் பற்றியவையாக இருந்தன. அவற்றுள் ஒன்று கிழக்கிலிருந்து ஒரு கவிஞர் எழுதியது. மனைவியின் காப்பை அடகு வைத்து முந்நூறு பிரதி அச்சிட்டாராம். வெளியீட்டு விழாவில் அறுபது பிரதி போனது. மறுவாரமே அவருடைய புத்தகம் அட்டை முதல் அட்டை வரை கைத்தொலைபேசியில் படமெடுக்கப்பட்டு, பி.டி.எஃப். கோப்பாக வட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கிவிட்டது. முதலில் அனுப்பியவர் விழாவில் முன்வரிசையில் அமர்ந்து கை தட்டியவர். "சட்டம் எனக்கு ஏதேனும் செய்யுமா, அல்லது பெயர் பரவுகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு இருக்க வேண்டியதுதானா?" என்று அவர் கேட்கிறார்.

இலக்கியத் தொடரில் சட்டத்துக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். நான் தொழிலால் சட்டத்தரணி, விருப்பத்தால் வாசகன். இரண்டு தொப்பியையும் ஒரே தலையில் போட்டுக்கொண்டு இன்று இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முயல்கிறேன். சட்டம் நிறையவே செய்யும். ஆனால் அது தானாக எழுந்து நடந்து வராது. இதுதான் என் பதிலின் சாரம்.

நம் நாட்டில் இன்று நடைமுறையில் இருப்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதற்கு முன் 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கச் சட்டம் இருந்தது. அதற்கும் முன் பிரித்தானியப் பாராளுமன்றம் 1911இல் இயற்றிய சட்டத்தை வைத்துக்கொண்டுதான் நாம் காலத்தை ஓட்டினோம். குதிரை வண்டிக் காலத்துச் சட்டம் ஒலிநாடாக் காலம் வரை வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய சட்டத்தைப் பற்றி எழுத்தாளர்களிடையே ஒரு பெரிய மயக்கம் உண்டு. "நான் புத்தகத்தைப் பதிவு செய்யவில்லையே, எனக்கு உரிமை இருக்குமா?" என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. பதிப்புரிமைக்குப் பதிவு தேவையே இல்லை. நீங்கள் கவிதையை எழுதி முடித்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. கொழும்பு டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் இருக்கும் தேசிய புலமைச் சொத்து அலுவலகம் வியாபாரக் குறிகளைப் பதிவு செய்கிறது, கண்டுபிடிப்புகளுக்கு ஆக்கவுரிமை வழங்குகிறது. பதிப்புரிமையைப் பதிவு செய்வதில்லை. தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் பெறும் சர்வதேசத் தராதரப் புத்தக எண் புத்தகத்தை இனங்காண்பதற்கு உதவும் இலக்கமே தவிர உரிமைப் பத்திரமன்று. ஆனால் ஒன்று: புத்தகத்தில் வழக்கமான இடத்தில் உங்கள் பெயர் அச்சாகியிருந்தால், மறுத்து நிரூபிக்கப்படும் வரை நீங்களே ஆசிரியர் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். "இல்லை, இவர் எழுதவில்லை" என்று காட்டும் பாரம் எதிராளியின் தலையில் விழும். ஆகவே உள்பக்கத்தில் பெயர், ஆண்டு, அச்சகம் ஆகிய விபரங்களை ஒழுங்காகப் போடுங்கள். நம்மவர்கள் வாழ்த்துரைக்கு எட்டுப் பக்கம் ஒதுக்குவார்கள், இந்த விபரத்துக்கு நாலு வரி ஒதுக்க மாட்டார்கள்.

உரிமை எதற்கு உண்டு, எதற்கு இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கருத்துக்கு உரிமை இல்லை; அதைச் சொன்ன வடிவத்துக்கே உரிமை. மலையகத்து லயத்தில் பிறந்த பெண் ஆசிரியையாகிறாள் என்ற கருவை நூறு பேர் எழுதலாம். உங்கள் வசனங்களையும் உங்கள் காட்சி அடுக்கையும் தூக்கிக்கொண்டு போனால்தான் வழக்கு. அதேபோல வெறும் அன்றாடச் செய்திக்கும், சட்டங்கள், தீர்ப்புகள் போன்ற உத்தியோகபூர்வ வாசகங்களுக்கும் பதிப்புரிமை இல்லை. "என்னுடைய யோசனையைத் திருடிவிட்டான்" என்று கோபத்தோடு வரும் எழுத்தாளர்களில் பாதிப் பேரை நான் தேநீர் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஆசிரியருக்குச் சட்டம் இரண்டு வகை உரிமைகளைத் தருகிறது. ஒன்று பொருளாதார உரிமை. பிரதி செய்தல், மொழிபெயர்த்தல், நாடகமாக்கல், விற்றல், வாடகைக்கு விடல், பொதுமக்களுக்கு எட்டச் செய்தல் எல்லாம் இதில் அடங்கும். இந்த உரிமையை நீங்கள் விற்கலாம், இரவல் கொடுக்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுப் போகலாம். இன்னொன்று ஒழுக்கவியல் சார்ந்த உரிமை. படைப்பின் மேல் உங்கள் பெயர் இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமையும், உங்கள் மானத்துக்கும் மதிப்புக்கும் பங்கம் வரும்படி அதைச் சிதைக்காதே என்று தடுக்கும் உரிமையும் இதில் சேரும். பொருளாதார உரிமையை முழுதாக விற்றுவிட்ட பின்னும் இந்த இரண்டாவது உரிமை உங்களிடமே தங்கும். நீங்கள் உயிரோடிருக்கும் வரை அதை எவருக்கும் மாற்றவும் முடியாது.

இந்த இரண்டாவது உரிமைதான் இன்று அதிகம் மிதிபடுகிறது என்பது என் அபிப்பிராயம். காலையில் கைத்தொலைபேசியைத் திறந்தால் சூரியகாந்திப் படத்தின் மேல் ஒரு கவிதை வந்து நிற்கிறது. எழுதியவர் பெயர் இல்லை. அல்லது "படித்ததில் பிடித்தது" என்று இருக்கிறது. இன்னும் மோசம், இறந்துபோன ஒரு பெரிய கவிஞரின் பெயர் இருக்கிறது. வவுனியாவில் ஒரு மூலையில் இருந்து எழுதிய பெண்ணின் கவிதைக்குத் தமிழ்நாட்டுத் திரைப்படக் கவிஞரின் பெயர் ஒட்டப்பட்டு அவளிடமே திரும்பி வந்த கதை எனக்குத் தெரியும். "இதை நான்தான் எழுதினேன்" என்று அவள் குழுவில் சொன்னபோது நம்பவில்லை, சிரித்தார்களாம். பணம் ஒரு சதமும் இழக்கவில்லை. ஆனால் இழந்தது சிறியதா?

அடுத்தது, உரிமை எத்தனை காலத்துக்கு என்பது. 1710இல் இங்கிலாந்தில் ஆன் அரசியின் பெயரால் வந்த முதற் பதிப்புரிமைச் சட்டம் புதிய நூலுக்கு 14 ஆண்டுகள் கொடுத்தது; ஆசிரியர் அப்போதும் உயிரோடிருந்தால் இன்னொரு 14. இன்று நம் நாட்டில் ஆசிரியரின் ஆயுட்காலமும் அவர் மறைந்த பின் 70 ஆண்டுகளும். இந்தியாவில் மறைவுக்குப் பின் 60. ஆறுமுக நாவலர் 1879இல் மறைந்தார், சி.வை. தாமோதரம்பிள்ளை 1901இல். இவர்கள் நூல்களை யாரும் பதிப்பிக்கலாம், இணையத்தில் இடலாம். சுவாமி விபுலாநந்தர் 1947இல் மறைந்தார். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் 1953இல். இவர்கள் காலமும் முடிந்துவிட்டது. ஆடிப்பிறப்புக்கு அந்தப் புலவரின் பாட்டைத் தாராளமாகப் பகிருங்கள், பெயரோடு. ஆனால் இலங்கையர்கோன் மறைந்தது 1961இல். அவர் கதைகளுக்கு 2031 முடியும் வரை உரிமை உண்டு. மஹாகவி உருத்திரமூர்த்தி மறைந்தது 1971இல். அவருக்கு 2041 வரை. பேராசிரியர் கைலாசபதி 1982இல் மறைந்தார். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். "செத்துப்போனவர்தானே" என்று நினைத்துத் தொகுப்பு நூல் போடுகிறவர்கள் குடும்பத்தாரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும். இன்னொன்று, பழைய நூல் பொதுவாகிவிட்டாலும் அதற்கு நேற்று ஒருவர் எழுதிய உரையும் முன்னுரையும் குறிப்பும் அவருடையவை. அந்தப் பக்கங்களையும் சேர்த்துப் படம் பிடித்தால் அது வேறு கணக்கு.

இவ்விடத்தில் பாரதியை நினைக்காமல் போக முடியவில்லை. அவர் 1921இல் மறைந்த பின் அவருடைய பாட்டுகள் சொத்தாகக் கைமாறின. இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பாடும் உரிமை ஒரு கட்டத்தில் ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. தேசத்துக்காகப் பாடியவனின் பாட்டைப் பாட ஒரு தனியாளிடம் அனுமதி கேட்பதா என்று எழுத்தாளரும் நாடகக் கலைஞரும் கிளர்ந்தார்கள். 1949இல் சென்னை அரசாங்கம் உரிமையை ஏற்றுப் பொதுவாக்கியது. அங்கிருந்துதான் தமிழ்நாட்டில் நூல்களை நாட்டுடைமையாக்கும் வழக்கம் வந்தது. அரசு ஆசிரியரின் வாரிசுகளுக்கு ஒரு தொகை கொடுத்து நூல்களை எல்லோருக்கும் திறந்துவிடுகிறது. நம் நாட்டில் அப்படி ஒரு மரபு வளரவில்லை. அது நமக்கு ஒரு குறைதான்.

இனி கணனிக்கு வருவோம். பிரதி எடுப்பது புதிய பாவமல்ல. போட்டோக்கொப்பி இயந்திரம் வந்த நாளிலிருந்து பல்கலைக்கழக வாசல்களில் முழுப் புத்தகங்கள் சுருள் கம்பியில் கட்டப்பட்டு விற்பனையாகின்றன. ஒலிநாடாவில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை இல்லாத பட்டினம் இருந்ததா? ஆனால் அந்தப் பிரதிக்குத் தாள் வேண்டும், நாடா வேண்டும், நேரம் வேண்டும். பிரதியின் பிரதி மங்கலாகும். கணனிப் பிரதிக்கு இந்தத் தடைகள் ஒன்றும் இல்லை. ஆயிரமாவது பிரதியும் முதற்பிரதி போலவே இருக்கும், செலவு பூச்சியம், தூரம் பூச்சியம். களவெடுக்கிறவன் பொருளைத் தூக்கிக்கொண்டு போனால் அலுமாரி வெறுமையாகும், நமக்குத் தெரியும். இங்கே அலுமாரியில் புத்தகம் அப்படியே இருக்கிறது. வாங்க வருகிற ஆள்தான் இல்லை.

சட்டம் இதற்குத் தடுமாறிய கதை சுவையானது. அமெரிக்காவில் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் டேவிட் லமாக்கியா என்ற மாணவர் 1994இல் கணனியில் ஒரு களஞ்சியத்தை நடத்தினார். விலை கூடிய மென்பொருள்களை யாரும் கொண்டுவந்து போடலாம், யாரும் இலவசமாக எடுத்துச் செல்லலாம். அவர் ஒரு சதம் வாங்கவில்லை. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி இலாப நோக்கம் இருந்தால்தான் பதிப்புரிமை மீறல் குற்றமாகும். ஆகவே அரசு தரப்பு அவர்மேல் தந்திச் சேவை வழியான மோசடி என்று வேறொரு சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தது. அந்தச் சட்டம் இதற்குப் பொருந்தாது, குறை இருந்தால் சட்டசபைதான் திருத்த வேண்டும் என்று நீதிபதி அந்த ஆண்டு டிசம்பரிலேயே வழக்கைத் தள்ளிவிட்டார். 1997இல் அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. காசு வாங்காமல் கொடுத்தாலும் குறித்த அளவுக்கு மேற்பட்டால் குற்றம் என்று சட்டம் வந்தது.

அடுத்து 1999இல் நாப்ஸ்டர் வந்தது. அந்த நிறுவனம் பாட்டுகளைத் தன்னிடம் வைத்திருக்கவில்லை. யாரிடம் எந்தப் பாட்டு இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும் பட்டியலை மட்டும் வைத்திருந்தது. "நாங்கள் தரகர் மட்டுமே" என்ற வாதம் 2001 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எடுபடவில்லை. அந்த ஆண்டு ஜூலையில் கடையை மூடினார்கள். இதற்கிடையில் 1996 டிசம்பரில் ஜெனீவாவில் உலகப் புலமைச் சொத்து அமைப்பின் இரண்டு உடன்படிக்கைகள் உருவாகின. இணையத்தில் ஒரு படைப்பை, மக்கள் தாம் விரும்பிய நேரத்தில் விரும்பிய இடத்திலிருந்து எடுக்கத்தக்கதாக வைப்பதும் ஆசிரியரின் அனுமதி வேண்டிய செயலே என்ற கொள்கை அங்கேதான் உறுதியானது. நமது 2003ஆம் ஆண்டுச் சட்டமும் பொதுமக்களுக்கு எட்டச் செய்தல் என்பதற்குள் இதை அடக்குகிறது. பிரதி எடுப்பதைத் தடுக்க வைத்திருக்கும் பூட்டுகளை உடைக்கும் கருவிகளைச் செய்வதையும் இறக்குமதி செய்வதையும் தடுக்கிறது.

"நான் விற்கவில்லையே, சும்மாதானே அனுப்பினேன்?" என்பது நம்மூரில் அடிக்கடி கேட்கும் சமாதானம். சட்டம் தனிப்பட்ட உபயோகத்துக்கு ஒரு வாசலைத் திறந்துதான் வைத்திருக்கிறது. நேர்மையாகப் பெற்ற ஒரு பிரதியிலிருந்து, ஒருவர், தம்முடைய சொந்தத் தேவைக்கு மட்டும், ஒரே ஒரு பிரதி எடுக்கலாம். ஆனால் புத்தகம் முழுவதையும் அல்லது பெரும் பகுதியைப் பிரதி எடுப்பதற்கு அந்த வாசல் திறக்காது. ஐந்நூறு பேர் உள்ள வட்ஸ்அப் குழுவை எவரும் சொந்தத் தேவை என்று சொல்ல முடியாது. குடும்பத்தாரும் நெருங்கிய பழக்கக்காரரும் கொண்ட வட்டமென்றும் சொல்ல முடியாது. காசு வாங்கவில்லை என்பது தண்டனையின் கனத்தைக் குறைக்க உதவலாம். மீறலை மீறல் அல்ல என்று ஆக்காது.

அதற்காக எல்லாவற்றையும் பூட்டி வைத்திருக்கிறது சட்டம் என்றும் நினைத்துவிடாதீர்கள். நியாயமான பயன்பாடு என்ற ஒரு கொள்கை உண்டு. விமர்சனம், செய்தி, கற்பித்தல், ஆய்வு போன்றவற்றுக்காக ஒரு படைப்பைப் பயன்படுத்தும்போது நான்கு விடயங்களை நீதிமன்றம் நோக்கும். என்ன நோக்கம், எப்படிப்பட்ட படைப்பு, எவ்வளவு எடுக்கப்பட்டது, அதனால் மூலத்தின் சந்தைக்கு என்ன பாதிப்பு என்பவை அவை. நூல் விமர்சனத்தில் இரண்டு பத்தி மேற்கோள் காட்டலாம். மூலத்தையும் ஆசிரியரையும் சொல்ல வேண்டும். ஆசிரியர் வகுப்பறையில் ஒரு சிறு பகுதியைப் பிரதி செய்து கொடுக்கலாம். நூலகம் சிதைந்துபோகும் நூலைக் காக்க ஒரு பிரதி எடுக்கலாம். நம் இலக்கிய உலகில் கடுமையான விமர்சனம் வந்தவுடன் "என் வரியை எப்படிப் போடலாம்?" என்று பதிப்புரிமையைக் கேடயமாகத் தூக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சட்டம் துணை நிற்காது. நிற்கவும் கூடாது.

சரி, அந்தக் கிழக்கிலங்கைக் கவிஞர் என்ன செய்யலாம்? நீதிமன்றத்தை நினைப்பதற்கு முன் சாட்சியத்தை நினைக்க வேண்டும். கோப்பு எங்கே கிடந்தது, யார் எந்தத் திகதியில் போட்டார், இணைய முகவரி என்ன என்பவற்றைத் திரையோடு படமெடுத்து வைக்க வேண்டும். கோபத்தில் முதலில் குழுவில் சண்டை பிடித்தால் போட்டவர் அழித்துவிடுவார். பிறகு உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. இலத்திரனியல் ஆவணங்களைச் சாட்சியமாக ஏற்பதற்கு 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் வழி செய்திருக்கிறது. கவிதையாகத் தட்டச்சில் ஏறியிருந்தால், உங்கள் கவிதையில் வேறெங்கும் வராத ஒரு வரியை மேற்கோள் குறிக்குள் இட்டுக் கூகிளில் தேடுங்கள். எங்கெங்கே இருக்கிறது என்று தெரியவரும்.

கோப்பு ஓர் இணையத்தளத்திலோ முகநூலிலோ யூடியூப்பிலோ கூகிளின் களஞ்சியத்திலோ கிடந்தால், கொழும்பு நீதிமன்றத்தைவிட விரைவான வழி ஒன்று உண்டு. அது அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு எண்மின் ஆயிரமாண்டுப் பதிப்புரிமைச் சட்டம். இந்தப் பெரிய நிறுவனங்கள் அமெரிக்காவில் இருப்பதால் அச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. பிறர் போட்ட பொருளுக்கு அவற்றைப் பொறுப்பாக்காமல் அச்சட்டம் காக்கிறது. ஆனால் உரிமையாளர் முறையாக அறிவித்தவுடன் விரைவாக அகற்ற வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறது. நாம் அமெரிக்கர் அல்லவே என்று தயங்க வேண்டாம். இலங்கை 1959 முதல் பேர்ண் உடன்படிக்கையில் இருக்கிறது. அதனால் நம் எழுத்தாளரின் படைப்புக்கு அங்கும் காவல் உண்டு. அறிவித்தலில் எந்தப் படைப்பு, அது எங்கே கிடக்கிறது, உங்கள் முகவரி, நல்லெண்ணத்தோடு முறையிடுகிறேன் என்ற கூற்று, உரிமையாளர் நானே என்று சத்தியத்துக்குச் சமமான உறுதி, கையொப்பம் ஆகியவை இருக்க வேண்டும். அந்தந்த நிறுவனத்தின் தளத்திலேயே படிவம் இருக்கிறது. ஆங்கிலம் கைவராவிட்டால் படித்த பிள்ளை ஒன்றின் உதவியைப் பெறுங்கள். இதற்குச் சட்டத்தரணி தேவையில்லை. என் தொழிலைச் சேர்ந்தவர்கள் என்னைக் கோபிப்பார்கள், பரவாயில்லை.

ஆனால் இதிலும் இரண்டு முள் உண்டு. உங்கள் பெயர் மறுதரப்புக்குத் தெரியவரும். மறுதரப்பு "இது என்னுடையதே" என்று எதிர் அறிவித்தல் கொடுத்தால், பத்து முதல் பதினான்கு வேலை நாட்களுக்குள் நீங்கள் வழக்குத் தொடராவிட்டால் பொருள் மீண்டும் ஏறிவிடும். பொய்யாக முறையிட்டவர் நட்டஈடு கட்டவும் நேரும்.

வட்ஸ்அப் குழுவுக்குள் ஓடுகிற கோப்பை இவ்வழியில் பிடிப்பது கடினம். அங்கே செய்திகள் அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் இடையே பூட்டப்பட்டே செல்வதால் நிறுவனமே உள்ளே பார்க்க முடியாது. டெலிகிராமின் பொது அலைவரிசைகளின் நிலை வேறு. டெல்லி மேல் நீதிமன்றத்தில் ஓர் ஆசிரியை, தம்முடைய பாட நூல்களையும் விரிவுரைகளையும் அனுமதியின்றிப் பரப்பிய அலைவரிசைகள் மீது வழக்குத் தொடுத்தார். ஒன்றை மூடினால் இன்னொன்று முளைத்தது. நடத்துகிறவர்கள் யாரென்ற விபரத்தைத் தர டெலிகிராம் மறுத்தது. தமது கணனிகள் சிங்கப்பூரில் இருக்கின்றன, அந்நாட்டு அந்தரங்கச் சட்டம் தடுக்கிறது என்று வாதாடியது. 2022 ஓகஸ்டில் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்காமல், விபரங்களை முத்திரையிட்ட உறையில் கையளிக்க உத்தரவிட்டது. முகமூடி போட்டுக்கொண்டு பிறர் உழைப்பைப் பரப்புவதற்கு அந்தரங்கம் கேடயமாகாது என்பதே அதன் பொருள். நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனால் எடுத்துக் காட்டலாம்.

நம் நாட்டுப் பரிகாரங்களைச் சொல்கிறேன். குடியியல் வழியில் தடையுத்தரவு கேட்கலாம், நட்டஈடு கேட்கலாம். எவ்வளவு நட்டம் என்று நிரூபிப்பது கடினமாக இருந்தால், சட்டமே வகுத்த தொகையை, 50,000 ரூபாவுக்குக் குறையாமலும் 10 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாமலும், நீதிமன்றம் நியாயமெனக் கருதும் அளவில் கோரலாம். முந்நூறு பிரதிக்காரருக்கு இது மிக முக்கியமான ஏற்பாடு. எத்தனை பேர் வாங்கியிருப்பார்கள் என்று அவர் எப்படிக் கணக்குக் காட்டுவார்? குற்றவியல் வழியில், வேண்டுமென்றே மீறியவர் நீதவான் முன் குற்றவாளியானால் 5 இலட்சம் ரூபா வரை தண்டம், அல்லது ஆறு மாதம் வரை மறியல், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் இரட்டிப்பு.

ஆனால் குடியியல் வழக்குக் கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அம்பாறையிலோ மன்னாரிலோ இருக்கிற எழுத்தாளர் இரவு பஸ் ஏறி, விடுதியில் தங்கி, சட்டத்தரணிக்குக் கட்டணம் கொடுத்து, தவணைக்குத் தவணை வந்து போவதென்றால், அந்த முந்நூறு பிரதியும் விற்ற காசு முதல் மூன்று தவணைக்கே காணாது. காகிதத்தில் நல்ல சட்டம் வைத்திருக்கிறோம். அதன் கதவைத் தலைநகரில் மாத்திரம் வைத்திருக்கிறோம். மாகாணங்களிலும் இந்த அதிகாரம் பரவலாக்கப்பட வேண்டும் என்று எழுத்தாளர் சங்கங்கள் ஏன் ஒரு தீர்மானமும் போடுவதில்லை என்பது எனக்கு விளங்காத விடயம். அதுவரை, அதிகம் அறியப்படாத ஒரு சிறு கதவு இருக்கிறது. தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தின் பணிப்பாளர் நாயகத்திடம் பாதிக்கப்பட்டவர் விண்ணப்பம் செய்யலாம். அவர் விசாரித்துத் தீர்மானம் வழங்கலாம். திருப்தியில்லாதவர் நீதிமன்றத்துக்குப் போகலாம். செலவு குறைந்த வழி.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு நேயர் என்னிடம் இப்படிச் சொல்லக்கூடும்: "ஐயா, 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது திரும்பக் கிடைக்காமற் போன ஏடுகளுக்குப் பிரதி இருந்திருந்தால்? பிரதி எடுத்தவன்தானே நமக்குக் காவலன்?" இந்தக் கேள்வியை நான் இலேசாகத் தள்ள மாட்டேன். எரிந்தும், இடம்பெயர்ந்தும், மழையில் நனைந்தும் போன சமூகம் நாம். தொண்ணூறுகளில் தாள் வராத யாழ்ப்பாணத்தில் கோடு போட்ட அப்பியாசக் கொப்பித் தாளில் பத்திரிகை அச்சானது. அந்தத் தாள்களை ஒருவர் படமெடுத்து வைக்காவிட்டால் நாளை அவை இல்லை. இந்த வேதனையிலிருந்துதான் 2005இல் நூலகம் என்ற எண்மின் நூலகத் திட்டம் பிறந்தது. அதன் தன்னார்வலர்கள் செய்கிற காரியத்தையும் வட்ஸ்அப்பில் புதுப் புத்தகத்தைத் தள்ளுகிறவர் செய்கிற காரியத்தையும் ஒன்றாகப் பேசுவது அநியாயம். அவர்கள் உரிமையுள்ள நூலென்றால் எழுத்தாளரையோ குடும்பத்தாரையோ தேடிப்போய் அனுமதி கேட்கிறார்கள். கேட்டால் நம் எழுத்தாளர்களில் பெரும்பாலோர் சந்தோஷமாகக் கொடுப்பார்கள் என்பது என் அனுபவம். கேளாமல் எடுப்பதுதான் அவர்களை நோகச் செய்கிறது.

பெரிய நாடுகளிலும் இந்தக் கோடு எங்கே போடுவது என்ற சண்டை இருக்கிறது. அமெரிக்காவின் இன்டர்நெற் ஆர்க்கைவ், தன்னிடமுள்ள அச்சுப் புத்தகங்களை எண்மின் வடிவாக்கி இரவல் கொடுத்து வந்தது. 2020 மார்ச்சில் கொரோனா முடக்கத்தின்போது, ஒரு பிரதிக்கு ஓர் ஆள் என்ற கட்டுப்பாட்டையும் தளர்த்தியது. நான்கு பெரிய பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. 2023இல் கீழ் நீதிமன்றமும் 2024 செப்டெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் இது நியாயமான பயன்பாடு ஆகாது என்று தீர்த்தன. கடையில் கிடைக்கிற புத்தகத்துக்குப் பதிலாக நிற்கும் பிரதியை நூலகம் என்ற பெயரும் காப்பாற்றவில்லை. கடையில் என்றுமே கிடைக்காத, பதிப்பாளரும் இல்லாமற்போன நூலுக்கு என்ன வழி என்பதற்கு அந்தத் தீர்ப்பில் நிறைவான பதில் இல்லை. நம்முடைய நூல்களில் பெரும்பாலானவை அந்த இரண்டாவது இனம்.

திரைப்படத்தைப் பற்றியும் சில கடிதங்கள் கேட்டன. அதை விரிக்க இன்று நேரமில்லை. தமிழ்நாட்டில் 2004 முதல் திருட்டு வீடியோக்காரரைக் குண்டர் சட்டத்தின் கீழேயே தடுத்து வைக்கலாம். 2023இல் இந்தியா ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தித் திரையரங்கில் படமெடுப்போருக்குக் குறைந்தது மூன்று மாதம், கூடியது மூன்று ஆண்டு சிறை என்று வைத்தது. படங்கள் வெளியாகிற நாளிலேயே இணையத்தில் ஏறுவது இவற்றால் நிற்கவில்லை.

எழுதுகிறவர்களுக்கு ஒரு வேலை சொல்லி விடைபெறுகிறேன். பதிப்பாளரோடு வாய்ப்பேச்சில் உடன்பட்டு எழுத்துப் பிரதியைக் கையளிக்காதீர்கள். உரிமையை மாற்றுவதும் அனுமதி கொடுப்பதும் எழுத்தில், இரு தரப்புக் கையொப்பத்தோடு இருக்க வேண்டும் என்று நமது சட்டம் சொல்கிறது. அந்தத் தாளில் எத்தனை பிரதி, எத்தனை ஆண்டு என்பதோடு, மின்நூல் உரிமை யாருக்கு, ஒலிப்புத்தக உரிமை யாருக்கு, மொழிபெயர்ப்பு யாருக்கு என்று தனித்தனி வரி எழுதுங்கள். "சகல உரிமையும்" என்ற ஒரே சொல்லில் கையொப்பம் வைத்தவர்கள் பிறகு தம் கதையைத் தாமே இணையத்தில் போட முடியாமல் நிற்பதை நான் பார்க்கிறேன். தொழிலாக, சம்பளத்துக்கு எழுதுகிறவர்கள் இன்னொன்றும் கவனியுங்கள்: வேறு உடன்படிக்கை இல்லாவிட்டால், கடமையின் பகுதியாக எழுதியதன் பொருளாதார உரிமை தொழில் தருபவருக்கே போகும். வானொலி நாடகம் எழுதும் அன்பர்களுக்கு இது நேரே பொருந்தும். அந்த நாடகங்களை மொழிபெயர்ப்பதற்கும் மேடையேற்றுவதற்கும் யாரைக் கேட்பது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.